சம்பள நெடுவரிசை யார் கண்ணில் படலாம்?

பணியாளர் விவரங்களை வைத்து ஓர் அறிக்கை செய்து கொடுங்கள் என்று கேட்பவர்கள் அடுத்த மூச்சிலேயே ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள்: சம்பளம் மட்டும் மேலாளர்களுக்குத் தெரியக் கூடாது. நியாயமான வேண்டுகோள். சம்பளம் என்றில்லை, மருத்துவ விடுப்புக்கான காரணம், வங்கிக் கணக்கு எண், வாடிக்கையாளரின் பிறந்த தேதி, பொருளின் கொள்முதல் விலை என்று எந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டாலும் எல்லோரும் பார்க்கக் கூடாத நெடுவரிசைகள் சில இருக்கும். தரவு மாதிரிகளை, அதாவது அறிக்கைகளுக்குப் பின்னால் இருந்து எண்களைத் தரும் அட்டவணைத் தொகுப்புகளை, வடிவமைப்பது என் தொழில். பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் அறிக்கைக் கருவியான பவர் பிஐயில். அறிக்கையின் வேகத்துக்கும் அழகுக்கும் நான் கவலைப்படுவதைவிட இந்த நெடுவரிசைகளுக்காகக் கவலைப்படுவதே அதிகம். ஒரு விளக்கப்படம் மெதுவாக வந்தால் பயனர் முணுமுணுப்பார், சரிசெய்துவிடலாம். ஒருவருடைய சம்பளம் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிந்துவிட்டால் அதைத் திரும்பப் பெற வழியே கிடையாது.

ஆனால் நான் பார்க்கும் மாதிரிகளில் பாதிக்கு மேல் இந்த நெடுவரிசைகள் மறைக்கப்பட்டிருக்கின்றன, பூட்டப்படவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரத்தை ஒருமுறை நேரில் காட்டிவிட்டால் பிறகு யாரும் வாதாடுவதில்லை. ஒரு நிறுவனத்தில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த மாதிரியைப் பரிசோதித்துத் தரச் சொன்னார்கள். மனிதவளத் துறைத் தலைவி என் அருகில் அமர்ந்திருந்தார். "சம்பளத்தை எப்போதோ மறைத்துவிட்டோம், அதைப் பற்றிக் கவலையில்லை" என்றார். அவர் அனுமதியுடன், சாதாரணப் பயனர் ஒருவருக்கு உள்ள அதே உரிமைகள் கொண்ட ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்தேன். பவர் பிஐ டெஸ்க்டாப்பிலிருந்து அந்த மாதிரியுடன் இணைந்தேன். புலங்களின் பட்டியலில் வலது பொத்தானை அழுத்தி, மறைந்திருப்பவற்றைக் காட்டு என்ற கட்டளையைத் தேர்ந்தேன். பணியாளர் அட்டவணையின் கீழே, சாம்பல் நிற எழுத்தில், மாதச் சம்பளம் என்ற பெயர் வந்து நின்றது. அதை இழுத்துப் பெயருக்குப் பக்கத்தில் விட்டேன். பட்டியல் முழுவதும் திரையில் விரிந்தது. அவர் தன் பெயர் இருந்த வரிசையைப் பார்த்தார். "இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமா?" என்று கேட்டார். இந்த மாதிரியின் மேல் புது அறிக்கை செய்யும் அனுமதி உள்ள எவரும் செய்யலாம் என்றேன்.

நெடுவரிசையை மறைக்கும் அந்தக் கண் அடையாளம், அறிக்கை தயாரிப்பவர்கள் தேவையற்ற புலங்களுக்கு நடுவே திணறாமல் இருப்பதற்காக வைக்கப்பட்டது. அறிக்கையின் ஒரு பக்கத்தை மறைப்பதும் அப்படித்தான். பெர்ஸ்பெக்டிவ் என்று மாதிரியின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும் வசதியும் அப்படித்தான். இவை மூன்றும் வசதிக்கானவை. இவற்றில் எதுவும் கேள்வி கேட்பவரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதில்லை.

"அப்படியானால் புது அறிக்கை செய்யும் பில்ட் அனுமதியை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிடலாமே" என்பார்கள். அதுவும் போதாது. பில்ட் அனுமதி இல்லாமல் படிக்கும் அனுமதி மட்டும் கொடுப்பதைப் பாதுகாப்பு ஏற்பாடாக நம்பக் கூடாது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. அறிக்கையைத் திறக்க முடிகிறவர், அந்த அறிக்கைக்குப் பின்னால் இருக்கும் மாதிரியிடம் கேள்வி கேட்க முடிகிறவர். பக்கத்தில் எது தெரிகிறது என்பது வேறு, மாதிரி எதைத் தர மறுக்கும் என்பது வேறு. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் பார்க்கிறேன்.

தரவுத்தள நிர்வாகிகள் இந்த இடத்தில் ஒரு மறுப்புச் சொல்வார்கள்: மூலத் தரவுத்தளத்திலேயே அந்த நெடுவரிசைக்கு உரிமை கொடுக்காமல் விட்டிருக்கிறோமே, இன்னும் என்ன? எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் நெடுவரிசை அளவில் உரிமை கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம், உண்மைதான். ஆனால் பெரும்பாலான மாதிரிகள் இம்போர்ட் முறையில் இயங்குகின்றன. புதுப்பிப்பு நேரத்தில் ஒரே ஒரு கணக்கு மூலத்துக்குச் சென்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து மாதிரிக்குள் சேமித்துவிடுகிறது. அந்தக் கணக்குக்குச் சம்பளத்தைப் படிக்கும் உரிமை இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மனிதவளத் துறைக்கு அறிக்கையே கிடையாது. பிறகு காலையில் அறிக்கையைத் திறக்கும் மேலாளரை மூலத் தரவுத்தளம் பார்ப்பதே இல்லை. அங்கே போட்ட கட்டுப்பாடு புதுப்பிப்போடு முடிந்துபோகிறது. தரவைச் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் மூலத்திடமே கேட்கும் டைரக்ட்குவெரி முறையில், பார்ப்பவரின் சொந்த அடையாளத்தோடே கேள்வி மூலத்துக்குப் போகும்படி அமைத்திருந்தால் மட்டுமே அது பலிக்கும்.

ஆக, இம்போர்ட் மாதிரிக்குள்ளேயே பூட்டு வேண்டும். பவர் பிஐயில் அதன் பெயர் ஆப்ஜெக்ட் லெவல் செக்யூரிட்டி, சுருக்கமாக ஓஎல்எஸ். எஸ்க்யூஎல் சர்வர் அனாலிசிஸ் சர்வீசஸ் என்ற பகுப்பாய்வு மென்பொருளின் 2017 பதிப்பில் வந்த வசதி, 2021இல் பவர் பிஐக்கும் வந்தது. வரிசைகளை வடிகட்டும் ரோ லெவல் செக்யூரிட்டி, அதாவது ஆர்எல்எஸ், இத்துறையில் எல்லோருக்கும் பழக்கமானது: சென்ற மாத விற்பனையில் உன் மண்டலத்து வரிசைகளை மட்டும் பார். ஓஎல்எஸ் வரிசைகளைத் தொடுவதில்லை. ஓர் அட்டவணையை முழுதாகவோ ஒரு நெடுவரிசையை மட்டுமோ ஒரு ரோலுக்கு, அதாவது ஒரே உரிமைகள் கொண்ட பயனர் தொகுதிக்கு, இல்லாமல் செய்துவிடுகிறது. மாதிரிகளைத் திருத்த உதவும் டேபுலர் எடிட்டர் என்ற கருவியில் இதை நான் செய்வது வழக்கம். மாதச் சம்பளம் என்ற நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, அதன் பண்புகளில் ஓஎல்எஸ் பகுதியை விரித்தால் மாதிரியில் உள்ள ரோல்களின் பெயர்கள் வரிசையாக வரும். மேலாளர் என்ற ரோலுக்கு எதிரே டிஃபால்ட் (இயல்பு நிலை) என்று இருப்பதை நன் (எந்த உரிமையும் இல்லை) என்று மாற்றிச் சேமித்தால் முடிந்தது.

அந்த ரோலில் இருப்பவருக்கு எண்கள் மட்டுமல்ல, நெடுவரிசையின் பெயரும் மறைந்துபோகிறது. அவரைப் பொறுத்தவரை அப்படி ஒன்று மாதிரியில் கிடையாது. இது நான் மிகவும் மதிக்கும் அம்சம். சில நேரங்களில் பெயரே ரகசியம். ஒழுங்கு நடவடிக்கை நிலை என்றோ பணிநீக்கப் பரிந்துரை என்றோ ஒரு நெடுவரிசை இருக்கிறது என்று தெரிந்தாலே போதும், அலுவலகத்தில் வதந்தி கிளம்பிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பூட்டிய நெடுவரிசையைப் பயன்படுத்தும் விளக்கப்படம் அந்தப் பயனருக்கு உடைந்துபோகும். வெற்றிடமாக அழகாக ஒதுங்காது. சாம்பல் பெட்டியும் பிழைச் செய்தியும் வரும். விவரம் கேட்டால், அந்த நெடுவரிசையைக் கண்டுபிடிக்க முடியவில்லை அல்லது இந்தக் கணக்கீட்டுக் கோவையில் பயன்படுத்த முடியாது என்று சொல்லும். உதவி மையத்துக்கு அழைப்புகள் வரும். இதைத் தவிர்க்க ஒரே அறிக்கையில் நிபந்தனைகளைப் போட்டுச் சாமர்த்தியம் காட்டுவதை நான் விட்டுவிட்டேன். ஒரே மாதிரி, ஆனால் மனிதவளத் துறைக்கு ஓர் அறிக்கை, மேலாளர்களுக்கு இன்னோர் அறிக்கை. மேலாளர் அறிக்கையில் எந்தப் பக்கத்திலும் பூட்டிய புலத்தைத் தொடுவதே இல்லை.

ரோல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியவை நிறைய. பயனர் ஒருவர் இரண்டு ரோல்களில் இருந்தால் உரிமைகள் கூடும், குறையாது. மேலாளர் ரோலில் சம்பளத்தைப் பூட்டிவிட்டு, அதே நபரை எல்லாம் திறந்திருக்கும் வேறொரு ரோலிலும் விட்டுவைத்தால் பூட்டு இருந்தும் இல்லாதது போலத்தான். மாதிரியில் ரோல் என்று ஒன்று உருவாகிவிட்டால் எந்த ரோலிலும் சேராத பார்வையாளருக்கு எதுவும் தெரியாது. ஆகவே மனிதவளத் துறைக்காகக் கட்டுப்பாடே இல்லாத ஒரு ரோலையும் உருவாக்க வேண்டும். இன்னொன்று பலரை வாரக்கணக்கில் அலைக்கழிக்கும்: ஆர்எல்எஸ்ஸை ஒரு ரோலிலும் ஓஎல்எஸ்ஸை வேறொரு ரோலிலும் வைத்து ஒருவரை இரண்டிலும் சேர்த்தால், அவர் கேள்வி கேட்கும் ஒவ்வொரு முறையும் பிழைதான் வரும். வடக்கு மண்டல மேலாளர் என்றால், வடக்கு என்ற வடிகட்டியும் சம்பளப் பூட்டும் ஒரே ரோலுக்குள் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாதிரிகளும் அறிக்கைகளும் வைக்கப்படும் பொது இடமான வொர்க்ஸ்பேஸ். அங்கே அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் என்ற பொறுப்புகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பூட்டுகள் எதுவும் செல்லாது. வியூவராக இருப்பவருக்கு மட்டுமே செல்லும். "அவரும் ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டும் என்றார், அதனால் கான்ட்ரிபியூட்டர் ஆக்கினோம்" என்ற ஒரு மின்னஞ்சலில் மாதக்கணக்கான உழைப்பு கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதிரியைப் பரிசோதிக்கும்போது நான் முதலில் திறப்பது மாதிரியை அல்ல, வொர்க்ஸ்பேஸ் உறுப்பினர் பட்டியலை.

உறவுச் சங்கிலியின் நடுவில் இருக்கும் அட்டவணையைப் பூட்ட முடியாது. துறை அட்டவணை பணியாளர் அட்டவணையை வடிகட்ட, அது வருகைப்பதிவை வடிகட்டுகிறது என்றால், பணியாளர் அட்டவணையை மட்டும் பூட்டினால் சங்கிலி அறும். மாதிரியே அனுமதிக்காது. வடிவமைப்பின்போதே பிழை வந்துவிடுவதால் இதில் ஆபத்தில்லை.

ஆபத்து சம்பளத்தின் உறவினர்களிடம் இருக்கிறது. மாதச் சம்பளத்தைப் பூட்டினோம், சரி. வருங்கால வைப்புக்கான பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில் நிலையான சதவீதம் என்றால், அந்தப் பிடித்தம் திறந்திருக்கும் வரை சம்பளமும் திறந்தே இருக்கிறது. ஒரு வகுத்தல் போதும். ஊக்கத்தொகையும் அதன் சதவீதமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இதே கதை. பூட்டிய நெடுவரிசையைக் குறிப்பிடும் மெஷர்களை, அதாவது அறிக்கையைப் பார்க்கும்போது கணக்கிடப்படும் சூத்திரங்களை, மாதிரி தானாகவே பூட்டிவிடும். அது பெரிய நிம்மதி. ஆனால் கணக்கிட்டு உருவாக்கிய நெடுவரிசைகள் புதுப்பிப்பு நேரத்திலேயே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே, கணக்கிடப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. ஆகவே சம்பளப் படிநிலை, ஆண்டுச் செலவு என்று யாரோ எப்போதோ சேர்த்த ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிப் பிடித்துப் பார்க்கிறேன். இந்தத் தேடலுக்கு மனிதவளத் துறையிலிருந்து கணக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணை வரவழைக்கலாம் என்பது மென்பொருளுக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும்.

அடுத்து வரும் கோரிக்கை எப்போதும் ஒன்றே: தனிநபர் சம்பளம் வேண்டாம், துறையின் மொத்தமும் சராசரியும் மட்டும் மேலாளர்கள் பார்க்கட்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் சம்பள நெடுவரிசை பூட்டப்பட்டிருந்தால் அதன் மீது எழுதிய சராசரி மெஷரும் பூட்டப்பட்டிருக்கும். உடனே சிலர் பூட்டைத் திறந்துவிட்டு, மெஷருக்குள் ஐந்து பேருக்குக் குறைவான குழு என்றால் வெற்றிடம் காட்டு என்று எழுதுவார்கள். நன்றாகத்தான் தோன்றும். ஆறு பேர் உள்ள ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சம்பளம் 3,10,000 என்று காட்டுகிறது. அதே பக்கத்தில் பணியில் சேர்ந்த ஆண்டுக்கான வடிகட்டி இருக்கிறது. கடைசியாகச் சேர்ந்தவரின் ஆண்டை மட்டும் நீக்குகிறேன். இப்போது ஐந்து பேர், மொத்தம் 2,62,000. விதி மீறப்படவில்லை, எந்த வெற்றிடமும் வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவரின் சம்பளம் 48,000 என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. டோரதி டென்னிங், பீட்டர் டென்னிங், மேயர் ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 1979இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில், மொத்தங்களை மட்டுமே தரும் தரவுத்தளத்திலிருந்து தனிநபர் விவரத்தைக் கறக்கும் இந்த வகைக் கேள்விகளை டிராக்கர் என்ற பெயரில் அலசியிருக்கிறார்கள். குழு சிறியதாக இருந்தால் பதில் சொல்லாதே என்ற விதி மட்டும் ஏன் போதாது என்பதை அன்றே காட்டிவிட்டார்கள். அப்போது கேள்விகளை ஒருவர் யோசித்து எழுத வேண்டியிருந்தது. இன்று அறிக்கைப் பக்கத்தில் வடிகட்டிகளை வரிசையாக நாமே வைத்துக் கொடுக்கிறோம். எந்தத் தீய எண்ணமும் இல்லாத ஒரு மேலாளர்கூட இரண்டு முறை சுட்டியை அழுத்தி இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்துவிடலாம்.

என் வழி வேறு. துறை, மாதம் என்ற இரண்டே அச்சுகளில் முன்கூட்டியே கூட்டிய ஒரு தனி அட்டவணையை மூலத்திலேயே தயாரிக்கச் சொல்கிறேன். சிறிய துறைகள் அங்கேயே பக்கத்துத் துறையோடு சேர்க்கப்பட்டுவிடும். சம்பளத்தைப் பொறுத்தவரை மேலாளர் ரோலுக்கு அந்த அட்டவணை மட்டுமே திறந்திருக்கும். பணியில் சேர்ந்த ஆண்டு, பாலினம், பதவி என்று எதை வைத்து வடிகட்டினாலும் அந்த எண் அசையாது, ஏனென்றால் அவற்றோடு அதற்கு உறவே கிடையாது. மாதத்துக்கு மாதம் மொத்தம் மாறும்போது யார் சேர்ந்தார், யார் விலகினார் என்பதை வைத்து ஊகிக்க இன்னும் ஓரளவு இடம் உண்டு. அதனால் அப்படி ஊகிக்க எளிதான துறைகளுக்குக் காலாண்டுச் சராசரியாக மாற்றிவிடுகிறேன். மேலாளர்கள் இதில் முழுத் திருப்தி அடைவதில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

உண்மையான எண்ணின் இடத்தில் பூஜ்யம் போன்ற போலி மதிப்பைக் காட்டும் மாஸ்கிங் பற்றியும் கேட்பார்கள். எஸ்க்யூஎல் சர்வரில் 2016 பதிப்பிலிருந்து இருக்கிறது. பார்வைக்கு எண் மறைகிறது, ஆனால் வடிகட்டும் நிபந்தனைக்கு உண்மையான எண்தான் பயன்படுகிறது. சம்பளம் 99,999க்கு மேல், 1,00,001க்குக் கீழ் என்று கேட்டால், மறைக்கப்பட்ட சம்பளத்தோடு சரியான பெயர்கள் வந்து விழும். தாங்களே கேள்வி எழுதத் தெரிந்தவர்களிடமிருந்து இது தரவைக் காக்காது என்று அதன் ஆவணமும் எச்சரிக்கிறது. தற்செயலாகக் கண்ணில் படுவதைத் தடுக்க நல்லது. அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்றக் கூடாது.

க்ளிக், லுக்கர் போன்ற மற்ற அறிக்கைக் கருவிகளிலும் இதே சிந்தனை வேறு வடிவங்களில் இருக்கிறது. க்ளிக்கில் செக்‌ஷன் ஆக்சஸ் என்ற பகுதியில் ஆமிட் என்று ஒரு புலத்தைக் குறித்தால், அந்தப் பயனருக்குக் கிடைக்கும் மாதிரியிலிருந்து அந்தப் புலம் நீக்கப்பட்டுவிடும். இணைப்புக்கான சாவிப் புலங்களை அப்படி நீக்கக் கூடாது. லுக்கரில் ஆக்சஸ் கிராண்ட் என்று ஒன்றை வரையறுத்து, அதை வைத்திருப்பவருக்கு மட்டுமே புலம் தெரியும்படி செய்யலாம்.

பவர் பிஐயின் ஓஎல்எஸ்ஸில் என்னைத் தொந்தரவு செய்வது ஒன்றுதான். சொல்லாதவரை எல்லாம் திறந்திருக்கிறது. நாளை யாரோ ஒருவர் பணியாளர் அட்டவணையில் பயோமெட்ரிக் எண் என்று புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்த்தால், எந்த ரோலிலும் அதைப் பற்றிப் பேச்சில்லாததால் அது எல்லோருக்கும் தெரியும். ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் கணினிப் பாதுகாப்புக்கு எட்டு வடிவமைப்புக் கொள்கைகளை எழுதிவைத்தார்கள். அதில் ஒன்று, அனுமதி என்று வெளிப்படையாகச் சொல்லப்படாத எதற்கும் மறுப்பே பதிலாக இருக்க வேண்டும் என்பது. இங்கே நேர் எதிராக இருக்கிறது. கருவி தராததை வடிவமைப்பில் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

ஆகவே பணியாளர் அட்டவணையை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். பெயர், துறை, பதவி, பணியிடம் ஆகியவை ஒன்றில். சம்பளம், வங்கி விவரம், மருத்துவம், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை இன்னொன்றில். பணியாளர் எண் வழியாக ஒன்றுக்கு ஒன்று உறவு. இரண்டாவது அட்டவணை சங்கிலியின் ஓரத்தில் இருப்பதால் அதை முழுமையாகப் பூட்டலாம். நெடுவரிசை நெடுவரிசையாகப் பூட்ட வேண்டியதில்லை. அந்த அட்டவணைக்குள் நாளை எது வந்து சேர்ந்தாலும் பூட்டிய இடத்திலேயே வந்து சேரும். மூலத்திலிருந்து வரும் புது நெடுவரிசைகள் எல்லாம் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்றும், திறந்த அட்டவணைக்கு மாற்றத் தரவின் உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்றும் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். மாதிரியை டிஎம்டிஎல் என்ற உரை வடிவில் கோப்புகளாகச் சேமித்து, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் வைத்திருப்பதால், திறந்த அட்டவணையில் ஒரு வரி கூடினாலும் வெளியீட்டுக்கு முன் இருவர் கண்ணில் படுகிறது. ஒரு ரோலிலிருந்து நன் என்ற வரி காணாமல் போனாலும் அப்படியே.

ரோல்களில் தனிநபர் மின்னஞ்சல்களைச் சேர்ப்பதில்லை, குழுக்களை மட்டும் சேர்க்கிறோம். துறை மாறிய மேலாளரைக் குழுவிலிருந்து நீக்குவது அடையாள நிர்வாகிகளின் அன்றாட வேலை. மாதிரிக்குள் இருக்கும் பட்டியலைத் திருத்த யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

சோதனையைப் பற்றி ஒன்று. வடிவமைத்தவரின் கணக்கில் எல்லாம் தெரியும் என்பதால் அதில் திறந்து பார்ப்பதில் பயனில்லை. ரோலாகப் பார்க்கும் வசதி தொடக்கத்துக்கு உதவும். ஆனால் வொர்க்ஸ்பேஸ் உரிமையில் உள்ள ஓட்டையை அது காட்டாது. மேலாளர் குழுவில் ஓர் உண்மையான சோதனைக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் அந்தக் கணக்கில் நுழைந்து, அறிக்கையைத் திறந்து, ஏற்றுமதி செய்து பார்த்து, எக்ஸெல்லிலிருந்து இணைந்து பார்த்து, பவர் பிஐயின் கேள்வி மொழியான டாக்ஸில் பூட்டிய அட்டவணையின் பெயரை நேரடியாகக் கேட்கிறேன். அட்டவணை கிடைக்கவில்லை என்ற பிழைச் செய்தி வந்தால்தான் வெளியீட்டுக் குறிப்பில் கையொப்பமிடுகிறேன். வேறு எந்தப் பதில் வந்தாலும், ஒரே ஒரு வரிசை வந்தாலும்கூட, பழைய பதிப்புக்குத் திரும்பிவிடுகிறோம்.